நாள்பட்டு நச்சரிக்கும் தோள்பட்டை வலி: மருத்துவரிடம் போகும் முன் வீட்டில் செய்ய வேண்டியவை (பெங்களூருக்குப் புதியவர்களுக்கு)

கீழே விழவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. ஆனாலும் சட்டை மாட்டும்போதும், மேல் தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்கும்போதும், இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும்போதும் தோள்பட்டை சுரீரென்று வலிக்கிறது. வேலைக்கு லீவு போடும் அளவுக்குப் பெரிய வலியும் இல்லை, மறந்துவிட்டு இருக்கும் அளவுக்குச் சின்ன வலியும் இல்லை. இப்படிப்பட்ட வலியோடு பெங்களூரில் புதிதாகக் குடியேறியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் மனைவிக்கு இந்த வலி வந்தபோது, ஊரில் இருந்திருந்தால் தெரிந்த மருத்துவரிடம் போய் நின்றிருப்போம். இங்கே எங்கே தொடங்குவது, எதைக் கேட்பது, எவ்வளவு செலவாகும் என்று எதுவும் தெரியாமல், கையைத் தூக்கச் சொல்லிக்கூடப் பார்க்காமல் ஸ்கேன் எழுதிக் கொடுத்த ஒரு கிளினிக்குக்கும், சுளுக்கு வழித்துவிடும் ஓர் இடத்துக்கும் நடுவே நிறைய அலைந்தோம். பின்னர் ஒரு பிசியோதெரபிஸ்ட் பொறுமையாக உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்த பிறகுதான், முதல் இரண்டு வாரங்களில் வீட்டிலேயே செய்யக்கூடியது எவ்வளவு இருக்கிறது என்பது விளங்கியது. நான் மருத்துவர் இல்லை. மருத்துவத் துறையினர் பொதுவாக ஒப்புக்கொள்பவற்றை மட்டுமே இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாத வலியை முதலில் விலக்குங்கள்

தோளில் தெரியும் வலி எல்லாம் தோளிலிருந்து வருவதில்லை. இடது தோளிலோ, இரண்டு தோள்களிலுமோ வலியுடன் நெஞ்சில் அழுத்தம், தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல், வாந்தி வருவது போன்ற உணர்வு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். கையை எப்படி அசைத்தாலும் வலி கூடாமல் குறையாமல், மாடிப்படி ஏறும்போது மட்டும் வந்து நின்றதும் அடங்குகிறது என்றாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஜெயநகர் 9ஆவது பிளாக்கில், பன்னர்கட்டா சாலையில் ஜெயதேவா இதய மருத்துவமனை இருக்கிறது என்பது இந்நகரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நீங்கள் ஒயிட்ஃபீல்டிலோ எலஹங்காவிலோ இருந்துகொண்டு, மாலை நேரப் போக்குவரத்தில் நகரைக் கடந்து அங்கே போக முயல வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள, மிக அருகிலுள்ள மருத்துவமனையே அந்த நேரத்துக்குச் சரியான மருத்துவமனை.

விழுந்த பிறகு தோளின் வடிவம் மாறியிருந்தால், மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், கை திடீரென்று பலமிழந்து தூக்கவே முடியாமல் போனால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். காரணமில்லாமல் எடை குறைந்துவருகிறது, முன்பு புற்றுநோயோ காசநோயோ வந்திருக்கிறது, எந்தப் பக்கம் படுத்தாலும் எப்படி வைத்தாலும் இரவு முழுதும் வலி விடுவதில்லை என்றாலும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தக் கூடாது. வலி முழங்கையைத் தாண்டி விரல்வரை இறங்கி, மரத்துப்போவதும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் இருந்தால், பெரும்பாலும் கழுத்து நரம்பே காரணமாக இருக்கும். கீழே சொல்லப்போகும் தோள் பயிற்சிகள் அதற்கானவை அல்ல.

2. கண்ணாடி முன் நின்று கையைச் சோதியுங்கள்

இவற்றில் எதுவும் இல்லையென்றால், ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, வீட்டில் யாரையாவது உடன் வைத்துக்கொண்டு பின்வரும் சோதனைகளைச் செய்துபாருங்கள். தனியாக பிஜியில் இருப்பவர்கள் அறைத்தோழரின் உதவியைக் கேட்கலாம்.

முதலில் கையைப் பக்கவாட்டில் மெதுவாக, காது வரைக்கும் உயர்த்துங்கள். தொடக்கத்தில் வலியில்லாமல், இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே தொடங்கி தோள் உயரத்தைச் சற்றுத் தாண்டும் வரை வலித்து, அதற்கும் மேலே போனதும் வலி குறைகிறது என்றால், தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) எலும்புக்கு அடியில் நசுங்கி எரிச்சலடைந்திருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, கையைத் தளர விட்டுவிட்டு, உடனிருப்பவரை மெதுவாக உயர்த்தச் சொல்லுங்கள். நீங்கள் தூக்கினால் போகாத உயரத்துக்கு அவர் தூக்கினால் போகிறதா என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. அவர் தூக்கினாலும் அதே இடத்தில் முட்டி நிற்கிறது என்றால் மூட்டின் உறையே இறுகியிருக்க வாய்ப்பு அதிகம்.

அதை உறுதிசெய்ய இன்னொரு சோதனை உண்டு. இரண்டு முழங்கைகளையும் இடுப்போடு ஒட்டி வைத்து, முன்கைகளை நேராக முன்னே நீட்டி, இரண்டையும் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். நல்ல கை தாராளமாகத் திரும்பும்போது வலிக்கும் கை பாதியில் நின்றுவிட்டால், அது தோள் இறுக்கத்தின் முதன்மையான அடையாளம். மருத்துவர்கள் இதை ஃப்ரோசன் ஷோல்டர் என்பார்கள். நாற்பது வயதிலிருந்து அறுபது வயது வரை உள்ளவர்களுக்கும், அவர்களிலும் பெண்களுக்கும், சர்க்கரை நோயோ தைராய்டு கோளாறோ உள்ளவர்களுக்கும் இது அதிகமாக வருகிறது. இது வலி கூடும் கட்டம், இறுகும் கட்டம், தளரும் கட்டம் என்று நகர்ந்து, முழுதும் அடங்க ஓராண்டு முதல் மூன்றாண்டுகள்கூட எடுத்துக்கொள்ளும். எனவே இரண்டு வாரத்தில் தீரவில்லையே என்று மனம் தளராமல், அந்த இரண்டு வாரத்தை அளந்து பார்ப்பதற்கான காலமாக மட்டும் எடுத்துக்கொண்டு, அது முடிந்ததும் தயங்காமல் மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டை விரல் எதுவரை எட்டுகிறது என்று பாருங்கள். பின்பாக்கெட், இடுப்புப் பட்டை, உள்ளாடைக் கொக்கி என்று உயரத்தைக் குறிக்கலாம். உடனிருப்பவரை இதை ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

3. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

இருபது, முப்பது ரூபாய் செலவில் கிடைக்கும் இந்த நோட்டுதான் இந்த இரண்டு வாரத்தில் உருவாகும் முதல் ஆவணம். மருத்துவர் உங்களோடு பேசப்போவது ஐந்து, பத்து நிமிடம்தான். அதற்குள் அவர் சரியான முடிவுக்கு வர உங்கள் நோட்டு பெரிதும் உதவும்.

வலி தொடங்கிய தேதி, எந்தக் கை, எந்த அசைவில் வலி, இரவில் தூக்கம் கலைகிறதா, பத்துக்கு எத்தனை வலி, என்ன மாத்திரை எந்த அளவில் எத்தனை மணிக்குப் போட்டீர்கள், கை எவ்வளவு உயர்ந்தது ஆகியவற்றைத் தினமும் இரண்டு வரியில் எழுதினால் போதும். முதல் பக்கத்தில் நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மற்ற மருந்துகளையும், ஒவ்வாமை ஏதேனும் இருந்தால் அதையும் எழுதிவைக்க வேண்டும்.

4. அன்றாட வேலைகளை மாற்றுங்கள்

செலவே இல்லாத இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தைலம் தேய்த்துக்கொண்டே பழைய வேலைகளை அப்படியே செய்துகொண்டிருந்தால் எரிச்சலடைந்த தசைநாண் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது.

பெங்களூரு வீடுகளில் தோளைக் கெடுக்கும் முதல் பொருள் 20 லிட்டர் தண்ணீர் கேன் என்பது என் கருத்து. ஒரு கையால் கழுத்தைப் பிடித்து, மறு கையை அடியில் கொடுத்து, மார்பு உயரத்துக்குத் தூக்கிக் கவிழ்க்கும் அந்த ஒரு கணத்தில் இருபது கிலோவும் தோளின் சின்னத் தசைகளில் இறங்குகிறது. இரண்டு வாரத்துக்குக் கேன் போடும் பையனிடமே ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அல்லது கேனைத் தரையிலேயே வைத்து, சார்ஜ் செய்யும் சிறு பம்பைப் பொருத்திக்கொள்ளுங்கள். அந்தப் பம்பு முந்நூறு, நானூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது.

அடுத்தது இருசக்கர வாகனம். குழியும் வேகத்தடையும் நிறைந்த சாலையில், கையை நீட்டிப் பிடித்தபடி ஒரு மணி நேரம் ஓட்டினால் கழுத்திலிருந்து தோள் வரை இறுகிப்போகும். வழியில் மெட்ரோ இருந்தால் இரண்டு வாரத்துக்கு அதில் போங்கள். பேருந்திலும் மெட்ரோவிலும் மேலே தொங்கும் பிடியை வலிக்கும் கையால் பிடிக்கக் கூடாது. திடீர் பிரேக்கில் வரும் ஓர் இழுப்பு பல நாள் ஆறுதலைக் கெடுத்துவிடும். லேப்டாப் பையை ஒற்றைத் தோளில் மாட்டாமல் இரண்டு தோளிலும் மாட்டுங்கள். மேசையில் வேலை செய்யும்போது முழங்கை தாங்கலாக இருக்க வேண்டும், மவுஸ் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கக் கூடாது. அடிக்கடி எடுக்கும் பொருட்களை மேல் தட்டிலிருந்து இடுப்பு உயரத்துக்கு இறக்கிவையுங்கள்.

இரவில் வலிக்கும் பக்கம் படுக்காதீர்கள். நல்ல பக்கம் சாய்ந்து படுத்து, மார்புக்கு முன்னால் ஒரு தலையணையை வைத்து, வலிக்கும் கையை அதன்மேல் அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுப்பவர்கள் முழங்கைக்கும் மேல்கைக்கும் அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்தால், தோள் பின்னால் சரியாமல் இருக்கும். எங்கள் வீட்டில் மாத்திரையைவிடத் தூக்கத்துக்கு அதிகம் உதவியது இந்தத் தலையணை மாற்றம்தான்.

பலர் “பெங்களூர் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை” என்று சொல்லி மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். குளிரில் இறுக்கம் கூடுதலாகத் தெரியலாம், சால்வை போட்டுக்கொண்டால் இதமாகவும் இருக்கும். ஆனால் கை தூக்க முடியாமல் போவதற்குக் குளிர் காரணமாகாது.

5. ஒத்தடமும் மாத்திரையும்

புதிதாக வந்த வலி என்றால் முதல் இரண்டு, மூன்று நாட்களுக்கு ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். ஐஸைத் துண்டில் சுற்றி, பத்து முதல் பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை வைத்தால் போதும். நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் புண்ணாகும். பல வாரமாக இருக்கும் இறுக்கத்துக்கு வெந்நீர்ப் பையோ, வாணலியில் வறுத்துத் துணியில் கட்டிய உப்பு ஒத்தடமோ இதம் தரும். சர்க்கரை நோயால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை மற்றவர் கையால் சோதித்துப் பார்த்த பின்பே வைக்க வேண்டும்.

மாத்திரையில் பாராசிட்டமாலோடு தொடங்குவதே பாதுகாப்பானது. பெரியவர்கள் 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரையை, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி விட்டு, சாப்பிட்ட பின் போடலாம். ஒரு நாளைக்கு நான்கு மாத்திரைக்கு மேல் வேண்டாம். சளி, காய்ச்சலுக்கான பல கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருப்பதால், அட்டையைப் படித்துப் பார்த்து இரட்டிப்பாவதைத் தவிருங்கள். கல்லீரல் நோய் உள்ளவர்களும் தினமும் மது அருந்துபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

மருந்துக் கடையில் “தோள் வலி” என்று சொன்னதுமே அசிக்ளோஃபெனாக் கலந்த மாத்திரையை எடுத்து நீட்டுவது வழக்கமாக இருக்கிறது. அது சீட்டு இல்லாமல் வாங்க வேண்டிய மருந்தல்ல. இந்த வகை மாத்திரைகளும் இபுபுரூஃபனும் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் தீங்கு செய்யக்கூடும். மழைக்காலத்தில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: உடம்பு வலியோடு காய்ச்சலும் இருந்தால் டெங்குவாக இருக்கலாம், அப்போது இவை ரத்தக் கசிவை அதிகப்படுத்தும் என்பதால் தொடவே கூடாது.

மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லில் உடம்புக்குள் சேரும் மருந்தின் அளவு குறைவு. ஒரு டியூப் நூறு ரூபாய்க்குச் சற்று முன்பின்னாகக் கிடைக்கும். மக்கள் மருந்தகத்தில் (ஜன் ஔஷதி கடை) இதைவிட மலிவு. ஜெல் தடவிய இடத்தின்மேல் உடனே வெந்நீர்ப் பையை வைக்காதீர்கள். மாத்திரைக்கு மேலே சொன்ன நோயுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஜெல்லையும் கேட்டுவிட்டே பயன்படுத்துங்கள்.

6. பயிற்சி: மெதுவாக, ஆனால் தினமும்

வலிக்கும் கையைத் தூளி போலக் கட்டித் தொங்கவிட்டு முழு ஓய்வு கொடுத்தால் சில நாளிலேயே மூட்டு இறுகத் தொடங்கும். மறுபுறம், வலியைப் பொறுத்துக்கொண்டு இழுத்தால் தளரும் என்று நினைப்பதும் தவறு. பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலிவரை பயிற்சியில் அனுமதிக்கலாம். பயிற்சி முடிந்து அரை மணி நேரத்தில் அந்த வலி அடங்க வேண்டும். அன்றிரவு தூக்கம் கெட்டால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள். வெந்நீரில் குளித்த பின் செய்வது சுலபமாக இருக்கும்.

ஊசல் பயிற்சி: நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தளரத் தொங்கவிடுங்கள். உடம்பை லேசாக அசைத்தால் கை தானாக ஆடும். கையால் ஆட்ட முயலக் கூடாது. முன்பின்னாக, பக்கவாட்டில், பின்பு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு வட்டமாக, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், நாளைக்கு இரண்டு, மூன்று முறை.

சுவரில் விரல் ஏற்றம்: சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் படிப்படியாக மேலே ஏறுங்கள். எட்டிய உயரத்தில் ஐந்து நொடி நின்று அதேபோல் இறங்க வேண்டும். தோளைக் காது நோக்கித் தூக்கிக்கொண்டு உயரத்தைக் காட்டுவது பயனற்றது. ஒவ்வொரு நாளும் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடாமல், சிறு பேப்பர் டேப் ஒன்றை ஒட்டுங்கள். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸில் பெயின்ட் செலவைப் பிடித்துக்கொள்வது இங்கே நடைமுறை, சுவர்க் கறை அதற்கு இன்னொரு காரணமாக வேண்டாம்.

கம்புப் பயிற்சி: மல்லாந்து படுத்து, முழங்கைகளை இடுப்போடு ஒட்டி, வீடு துடைக்கும் மாப்பின் கம்பை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் தள்ளி வலிக்கும் கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். பத்து முறை. இறுக்கம் உள்ளவர்கள் இதை விடக் கூடாது.

முதல் வாரம் இவ்வளவு போதும். இரண்டாவது வாரத்தில், நேராக உட்கார்ந்து முதுகின் இறக்கை எலும்புகள் இரண்டையும் பின்னும் கீழுமாக இழுத்து ஐந்து நொடி நிறுத்துவதையும், முழங்கையை மடக்கி, சுவருக்கும் கைக்கும் நடுவே துண்டை வைத்து, கை அசையாமல் சுவரை மெதுவாக அழுத்துவதையும் பத்துப் பத்து முறை சேர்த்துக்கொள்ளலாம். ரப்பர் பேண்டு, டம்பெல் போன்றவற்றைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லும்வரை வாங்க வேண்டாம்.

7. பணமும் நாளும் வீணாகும் இடங்கள்

புத்தூர்க் கட்டு என்ற பலகை பெங்களூரின் பல சாலைகளில் கண்ணில் படும். தோள்பட்டை இறுக்கத்துக்குக் கட்டுப் போட்டால், அசைய வேண்டிய மூட்டை அசையாமல் பூட்டுவதாகிவிடும். வேகமாக முறுக்கி எடுக்கும் சுளுக்கு வழிப்பும் வேண்டாம். தசைநாண் கிழிந்திருந்தால் கிழிசல் பெரிதாகும். மிதமான எண்ணெய்த் தேய்ப்பில் குற்றமில்லை.

முதல் நாளே எம்ஆர்ஐ எடுப்பதும் தேவையற்றது. வயது ஏற ஏற, வலியே இல்லாதவர்களின் தோளிலும் தசைநாண் தேய்வும் சிறு கிழிசலும் ஸ்கேனில் தெரிவது சாதாரணம். கையைச் சோதித்துப் பார்க்காமல் ஸ்கேனை மட்டும் பார்த்து அறுவை சிகிச்சை பேசினால், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கட்டாயம் கேளுங்கள். ஸ்டீராய்டு ஊசி சிலருக்கு உண்மையாகவே உதவும். ஆனால் எலும்பு மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது அது, சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை அளவு ஏறவும் செய்யும்.

8. இரண்டு வாரம் முடிந்ததும்

வலி தெளிவாகக் குறைந்துவருகிறது என்றால் பயிற்சியை ஆறு முதல் எட்டு வாரம் வரை தொடருங்கள். மாற்றமே இல்லை, அல்லது கை உயரம் குறைந்துகொண்டே வருகிறது என்றால் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அரசு மருத்துவமனைகளில், ஜெயநகரில் உள்ள சஞ்சய் காந்தி விபத்து மற்றும் எலும்பு சிகிச்சை நிலையம் இதற்கென்றே உள்ளது. சிவாஜிநகர் பவுரிங், கே.ஆர். மார்க்கெட் அருகே விக்டோரியா ஆகியவற்றிலும் எலும்புப் பிரிவு இருக்கிறது. சிவாஜிநகர் பக்கம் தமிழில் பேசியே சமாளிக்கலாம். சீட்டுக் கட்டணம் மிகக் குறைவு, ஆனால் காலையில் சீட்டுப் பதிவு தொடங்கும் முன்பே போய் வரிசையில் நிற்க வேண்டும், அரைநாளாவது ஆகும். திங்கட்கிழமையில் கூட்டம் அதிகம் என்பதால் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்கப்படுகிறவர்கள் அதை மறந்துவிடாதீர்கள். முதலில் உங்களுக்கு ஒதுக்கப்பட்ட டிஸ்பென்சரிக்குப் போய்ப் பரிந்துரை வாங்கினால், ராஜாஜிநகர் அல்லது இந்திராநகர் இஎஸ்ஐ மருத்துவமனையில் செலவின்றிப் பார்க்கலாம். டிஸ்பென்சரி பழைய ஊரின் பெயரிலேயே இருந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும். அலுவலக எச்ஆரிடம் இன்றே கேளுங்கள்.

தனியார் மருத்துவமனைகளில் நாங்கள் விசாரித்தவரை எலும்பு மருத்துவரின் கட்டணம் ஏறத்தாழ 600 முதல் 1,200 ரூபாய், எக்ஸ்ரே 400 முதல் 900, எம்ஆர்ஐ 5,000 முதல் 10,000, பிசியோதெரபி ஒரு முறைக்கு 400 முதல் 800. தொலைபேசியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: ஆதார், நோட்டுப் புத்தகம், பழைய சீட்டுகளும் எக்ஸ்ரேக்களும், மூன்று மாதத்துக்குள் எடுத்த எச்பிஏ1சி சர்க்கரைப் பரிசோதனை முடிவு. பல அரசு மருத்துவமனைகளில் ஆபா எண் (மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்) இருந்தால் கியூஆர் பலகையைக் கைபேசியில் ஸ்கேன் செய்து டோக்கன் எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணை உருவாக்க வரும் ஓடிபி, ஆதாரோடு இணைத்த எண்ணுக்கே போகும். பெங்களூருக்கு வந்து சிம் மாற்றியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எனவே எண்ணை முதலில் ஆதார் மையத்தில் மாற்றிவையுங்கள்.

பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் வெளிநோயாளிச் செலவையும் பிசியோதெரபியையும் தருவதில்லை. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இந்தக் கட்டத்தில் பயன்படாது. ஆயினும் எல்லா ரசீதுகளையும் தேதி வாரியாகச் சேர்த்துவையுங்கள். பின்னர் இதே நோய்க்காக மருத்துவமனையில் சேர நேர்ந்தால், அதற்கு முந்தைய குறிப்பிட்ட நாட்களின் செலவைப் பல பாலிசிகள் திருப்பித் தருகின்றன. நோயின் பெயரை மருத்துவர் சீட்டில் எழுதியிருக்கிறாரா என்று வெளியே வரும் முன் பாருங்கள், இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

9. பிசியோதெரபிக்கு அனுப்பினால்

பத்து, இருபது அமர்வுகளுக்கான தொகையை முன்கூட்டியே கட்டச் சொல்லும் இடங்களைத் தவிருங்கள். முதல் இரண்டு வருகைக்கு மட்டும் பணம் கொடுத்து, சிகிச்சை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இயந்திரத்தை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், கையை அசைத்துப் பார்ப்பதே இல்லை என்றால் வேறு இடம் தேடலாம். முதல் வருகையிலேயே உங்கள் நோட்டைக் கொடுத்து, வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளையும் எண்ணிக்கையையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தினமும் போய்வர முடியாதவர்கள் வாரம் ஒரு முறை வந்து பயிற்சியைச் சரிபார்த்துக்கொள்ள அனுமதி கேளுங்கள், பெரும்பாலான பிசியோதெரபிஸ்டுகள் சம்மதிப்பார்கள்.